செல்லாக் காசு சேர்ப்பவர்

அபர்தீன் படகுத்துறையிலிருந்து நார்த் பே புறப்படும் படகில், கரை கொஞ்சம் விலகியதும் வழிகாட்டி இளைஞர் என்ஜின் சத்தத்தை மீறிக் கத்துகிறார்: "எல்லாரும் இருபது ரூபாய் நோட்டை எடுங்க!" எதிரே பச்சைக் குன்று. அதன் சரிவு கடலில் வந்து முடியும் இடத்தில் ஒரு கலங்கரை விளக்கம். ரூபாய் நோட்டில் பார்த்த காட்சியை நேரில் பார்க்கும் ஆவலில் பயணிகள் பர்ஸைத் திறக்கிறார்கள். பாதிப்பேர் கையில் வருவது பச்சை கலந்த மஞ்சள் நோட்டு. 2019ல் வந்த புது வரிசை. அதில் குன்றும் இல்லை, விளக்கமும் இல்லை. எல்லோரா குகைதான் இருக்கிறது. வழிகாட்டிக்கு இது பழகிவிட்டது. "இது இல்ல, பழசு, சிவப்பு" என்கிறார்.

அப்போது படகின் ஓரத்தில் பேரனோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து தெளிவான பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுக்கிறார். உள்ளே ஆரஞ்சு கலந்த சிவப்பில் மடிப்பு விழாத இருபது ரூபாய் நோட்டு. ராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் முதலில் அதைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பக்கத்து இருக்கைக்காரர்கள். பிறகு யாரென்றே தெரியாதவர்கள். நோட்டு படகு முழுக்கச் சுற்றுகிறது. அவர் கண்ணும் அதன் பின்னாலேயே சுற்றுகிறது. திரும்பி வந்ததும் உறைக்குள் வைத்து, பையில் போட்டு, பொத்தானை மாட்டிய பிறகுதான் குன்றைப் பார்க்கிறார்.

அவருக்கு வயது 66. அந்தமானிலேயே பிறந்து, அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தந்தை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பக்கத்து வீட்டுக்காரர்களோடு வங்காளி என்று மூன்று மொழியில் வாழ்க்கை நடத்தும் சராசரி அந்தமான் தமிழர்தான். சராசரி இல்லாத விஷயம் அவர் வீட்டு மர அலமாரியில் இருக்கிறது. தென் அமெரிக்க நாடுகள் அச்சடித்து, பிறகு செல்லாது என்று கைவிட்ட நோட்டுகள், ஆறு ஆல்பங்களில்.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு கப்பல் சிப்பந்தி. பள்ளித் தோழர். 1992ல் விடுமுறையில் வந்தபோது, பெரு நாட்டின் கயாவ் துறைமுகத்தில் கிடைத்ததாக ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் ஐந்துக்குப் பிறகு ஆறு பூஜ்யங்கள். ஐம்பது லட்சம் இன்ட்டி. ஆசிரியரின் தாயார் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு அடியில் வைக்கச் சொன்னாராம். ஐம்பது லட்சம் ஆயிற்றே! அதன் மதிப்பு என்ன என்பதைப் பிறகுதான் மகன் படித்துத் தெரிந்துகொண்டார். 1985ல் பெரு அறிமுகப்படுத்திய இன்ட்டி, விலைவாசி ஏற்றத்தில் கரைந்துபோய், 1991ல் பத்து லட்சம் இன்ட்டிக்கு ஒரு 'புதிய சோல்' என்ற கணக்கில் மாற்றப்பட்டது. அதாவது சாமி படத்துக்கு அடியில் இருந்தது வெறும் ஐந்து சோல். அதையும் மாற்றுவதற்குப் பெருவுக்குப் போக வேண்டும்.

இன்ட்டி என்றால் கெச்சுவா மொழியில் சூரியன். இன்கா மக்களின் தெய்வம். ஒரு நாடு தன் பணத்துக்குச் சூரியனின் பெயரை வைத்து, ஆறே வருடத்தில் அதை அஸ்தமிக்கவிட்டது என்பதுதான் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் லாமாவும் ஆண்டிஸ் மலையும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த ஊர் மனிதர்கள் கையில் புழங்கிய காகிதம் கிடைத்துவிட்டது.

போர்ட் பிளேரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சேகரிப்பது சுலபமில்லை. கோடை விடுமுறையில் சென்னைக்குக் கப்பலில் போகும்போதெல்லாம் பழைய நாணயக் கடைகளில் கிளறுவார். மற்றதெல்லாம் மணியார்டரும் பதிவுத் தபாலும்தான். ஒரு நல்ல விஷயம், தென் அமெரிக்காவின் பணவீக்க நோட்டுகள் மலிவு. கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டு ஒரே நாளில் காகிதமானவை என்பதால் அரிய பொருள் என்ற அந்தஸ்து அவற்றுக்குக் கிடையாது. பல நோட்டுகளை ஒரு டீ, வடை செலவில் வாங்கியிருக்கிறார். தமிழரான அவர் வாங்க முடியாதது ஒரு இந்திய நோட்டைத்தான். 1954ல் வெளியான ஆயிரம் ரூபாய். பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். 1978 ஜனவரியில் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதாக்கப்பட்டபோது ஆயிரம் ரூபாய் நோட்டும் போயிற்று. இன்று சேகரிப்பாளர்களிடையே அதன் விலை ஓய்வூதியக்காரர் நினைத்துப்பார்க்கக் கூடியதல்ல. "பெரிய கோயில் வேண்டாம், பெரு போதும்" என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறார்.

பெரிய எதிரி காற்று. மே மாதம் தொடங்கும் மழை இந்தத் தீவுகளில் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. சுவரெல்லாம் ஓதம், காற்றெல்லாம் உப்பு. காகிதம் பூஞ்சை பிடிக்க ஒரு வாரம் போதும். முதல் ஆல்பத்தைச் சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் தாளில் போட்டு வைத்திருந்தார். இரண்டு மழைக்காலம் கழிந்து திறந்தபோது பிளாஸ்டிக் இளகி மையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் இன்ட்டி நோட்டில் இருந்த கவிஞர் செசார் வயெஹோவின் முகம் பாதி உறையோடு வந்துவிட்டது. வறுமையில் வாடி 1938ல் பாரிசில் இறந்துபோன கவிஞர். அவர் படம் போட்ட நோட்டு நூறு இருந்தால்தான் ஒரு புதிய சோல். பிளாஸ்டிக்கும் தன் பங்குக்குச் சோதித்துவிட்டது. அதன் பிறகு பாலியெஸ்டர் தாள்கள், மூலைக்கு ஒரு சிலிக்கா பொட்டலம், வெயில் அடிக்கும் நாளில் அலமாரிக் கதவைத் திறந்துவைப்பது என்று ஒரு குழந்தையை வளர்ப்பது போன்ற கவனிப்பு.

சேகரிப்பாளர்களில் இரண்டு சாதி. மடிப்பே விழாத, வங்கியிலிருந்து நேராக வந்த நோட்டைத்தான் தொடுவோம் என்பவர்கள் பெரும்பான்மை. ஆசிரியர் சிறுபான்மை. கசங்கியது, மூலை மடிந்தது, எண்ணெய்க் கறை பட்டது என்றால் அவருக்கு இரட்டிப்பு சந்தோஷம். பொலிவியாவின் பழைய நோட்டு ஒன்றின் வெள்ளை ஓரத்தில் யாரோ பென்சிலால் கூட்டல் போட்டிருக்கிறார். நான்கு எண்கள், கீழே கோடு, விடை. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. சந்தைக் கணக்கோ, கடன் கணக்கோ. 1980களில் அந்த நாட்டின் பெசோவும் இப்படித்தான் பொங்கி வழிந்து, 1987ல் பத்து லட்சத்துக்கு ஒரு பொலிவியானோ என்று புதிதாகத் தொடங்க வேண்டிவந்தது. அந்தக் கூட்டல் போட்ட கைக்கு என்ன ஆயிற்றோ!

பொலிவியாவின் 1962 வரிசைப் பத்து பெசோ நோட்டின் பின்பக்கத்தில் போட்டொசி மலை இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பெயின்காரர்கள் பூர்வகுடிகளைக் கட்டாய வேலை வாங்கி வெள்ளி எடுத்த மலை. அந்த வெள்ளி ஐரோப்பா வழியாக இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்தது. மிளகுக்கும் துணிக்கும் விலையாக வந்த ஸ்பானிய வெள்ளி, சூரத் நாணயசாலையில் உருக்கப்பட்டு முகலாய ரூபாயாக மாறியது. அதாவது நம் பழைய ரூபாயிலேயே தென் அமெரிக்கா இருந்திருக்கிறது. இந்த ஒரு பாடத்தை நடத்தும்போது மட்டும் கடைசி பெஞ்சுக்காரர்கள்கூடக் கேட்பார்கள் என்கிறார் ஆசிரியர்.

ஆல்பத்தின் சில பக்கங்களில் அவர் வேகமாகப் புரட்டிவிடுகிறார். மீசையும் பதக்கமுமாக ராணுவத் தளபதிகள். எல்லா நாட்டிலும் அவர்கள் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். நின்று பார்ப்பது வேறு பக்கங்களை. ஈக்வடாரின் 5000 சுக்ரே: பின்பக்கம் கலாபகோஸ் தீவுகளின் ராட்சத ஆமையும் பெங்குவினும். 2000ஆம் ஆண்டில் ஈக்வடார் தன் சுக்ரேயையே கைவிட்டு, டாலருக்கு 25,000 என்று கணக்குத் தீர்த்து, அமெரிக்கப் பணத்துக்கு மாறிவிட்டது. ஆமை பிழைத்திருக்கிறது, சுக்ரேதான் இல்லை. பிரேசிலின் 100 'புதிய குருசாடோ': கவிஞர் செசிலியா மெய்ரெலெஸ். தாகூரைப் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்தவர், 1953ல் இந்தியாவுக்கு வந்தவர், அந்தப் பயணத்தைக் கவிதைத் தொகுதியாக்கியவர். இந்தியாவைப் பற்றி எழுதிய ஒரு பெண்ணின் முகத்தைப் பிரேசில் தன் பணத்தில் போட்டிருந்தது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

வெனிசூலாவின் 20 பொலிவார் இன்னும் நெருக்கம். 2008ல் மூன்று பூஜ்யங்களை வெட்டிவிட்டு வந்த வரிசை அது. பின்பக்கம் அழுங்காமை. அதே அழுங்காமை அந்தமான் கடற்கரைகளுக்கும் முட்டையிட வருகிறது. சீப்பும் நகைப்பெட்டியும் செய்ய ஓட்டுக்காக உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட இனம். வெனிசூலா 2018ல் இன்னும் ஐந்து பூஜ்யங்களையும் 2021ல் ஆறு பூஜ்யங்களையும் வெட்டியது. மொத்தம் பதினான்கு. பேரனுக்குப் பூஜ்யங்களின் அருமையைப் புரியவைக்க ஆசிரியருக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

ஆனால் அவரை அதிக நாள் தூங்கவிடாத நோட்டு பிரேசிலின் 1000 குருசேரோ. 1990ல் வந்தது. முன்பக்கம் மார்ஷல் ரொண்டோன். 1865ல் மாட்டோ க்ரோசோவில் பிறந்த இந்த ராணுவ அதிகாரியின் தாய்வழி பூர்வகுடி வழி. அமேசான் காட்டுக்குள் தந்திக் கம்பி இழுக்கப் போன இடத்தில், அம்பு வந்தாலும் சுடக்கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டவர். நாம் சாகலாம், கொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. 1910ல் பூர்வகுடிகளைக் காக்கும் அரசுத் துறை ஒன்றை அமைத்து அதன் தலைவரானார். நோட்டின் பின்பக்கம் கராஜா இனத்துக் குழந்தைகள் இருவர். அராகுவாயா ஆற்றங்கரை மக்கள். நேராக நம்மைப் பார்க்கும் முகங்கள்.

1990களின் இறுதியில் அந்த நோட்டை வகுப்புக்கு எடுத்துப்போனபோது ஒரு மாணவி எழுந்து, "நம்ம நோட்டில் ஜராவா குழந்தை ஏன் சார் இல்லை?" என்று கேட்டாள். கேள்வி சாதாரணமானதல்ல. 1997, 98 வாக்கில்தான் ஜராவாக்கள் காட்டைவிட்டுப் பகலில், வில்லம்பு இல்லாமல், சாலைக்கும் ஊர்களுக்கும் வரத் தொடங்கியிருந்தார்கள். தீவு முழுக்க அதே பேச்சு. இவரும் மேடைப் பேச்சாளர் போல, "வர வேண்டும், ஒரு நாள் வரும்" என்றார். நம் தேசம் பெருமைப்பட வேண்டிய பாரம்பரியம் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம்.

2001ல் அந்தமான் நோட்டே வந்துவிட்டது. இருபது ரூபாய்க்குப் பின்னால் ஹாடோ மேட்டில் உள்ள மெகாபோட் விடுதியிலிருந்து தெரியும் காட்சி: தென்னை, கடல், குன்று, விளக்கம். தீவே கொண்டாடியது. கடைக்காரர்கள் கல்லாவில் ஒன்றை ஒட்டிவைத்தார்கள். ஆசிரியரும் ஒரு கட்டிலிருந்து புது நோட்டாக எடுத்து வைத்துக்கொண்டார். படகில் சுற்றிவந்தது அதுதான். அதே பக்கத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது. தமிழும் உண்டு. ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் மகனின் மொழி அந்தமான் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் தெரியும் காட்டுக்கும் கடலுக்கும் முதலில் பெயர் வைத்தவர்களின் மொழி ஒன்றுகூட இல்லை. படத்தில் மனிதர்களும் இல்லை.

அந்தக் குன்று அப்படி ஆளில்லாத இடமா? 1859ல் கிரேட் அந்தமானியர்கள் பிரிட்டிஷ் குடியிருப்பை எதிர்த்து மோதியது இதே கடற்கரைகளில்தான். அபர்தீன் போரின் நினைவுச்சின்னம் படகுத்துறை அருகே நிற்கிறது. டிக்கெட் எடுக்கும் அவசரத்தில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கண்காணிப்பாளர் டைட்லரின் மனைவி பெயரால் குன்றுக்கு மவுண்ட் ஹாரியட் என்று பெயர் வந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு சூரிய அஸ்தமனம் பார்க்க அந்தக் குன்றின்மேல் ஏறி, இறங்கி வந்து, ஹோப்டவுன் துறையில் படகேறப் போகும்போது கைதி ஷேர் அலியின் கத்திக்கு இரையானார். 1891 போரில் தோற்ற மணிப்பூர் மகாராஜா குலசந்திரரும் அவரைச் சேர்ந்தவர்களும் நாடு கடத்தப்பட்டுக் குடிவைக்கப்பட்டதும் அங்கேதான். ஓர் அஞ்சலட்டைப் படத்துக்குள் இத்தனை பேர். நோட்டை எத்தனை முறை வெளிச்சத்தில் பிடித்தாலும் காந்தியின் நீர்க்குறிதான் தெரியும். இவர்கள் தெரிவதில்லை.

இந்தத் தீவுகளுக்கே தனிப் பணம் இருந்த காலமும் உண்டு. கைதிகளின் குடியிருப்புக்குள் மட்டும் புழங்க, 1860களில் செம்பில் 'ஒரு ரூபாய்' டோக்கன் அடித்தார்கள். வெளியே செல்லாது. தப்பி ஓடுகிறவன் கையில் பணம் இருந்தும் பயன் இல்லை. நிக்கோபாரிலோ தேங்காயே பணம்; கப்பல்காரன் கொண்டுவரும் சாமானுக்கு விலை தேங்காய்க் கணக்கில்தான். சோழர் கல்வெட்டு நக்கவாரம் என்று சொல்லும் அந்தத் தீவுகளில் எந்த ராஜா வந்து போனாலும் மாறாத நாணயம் அது ஒன்றுதான் என்று ஆசிரியர் சிரிக்கிறார்.

மாணவியின் கேள்விக்கு வருவோம். 2012ல், உணவுக்கு ஈடாக ஜராவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த வீடியோ உலகம் முழுக்க வெளியானது. அந்தமான் டிரங்க் ரோட்டில் வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டை நீட்டி, காமிராவைத் தூக்கும் கூட்டத்தை உள்ளூர்க்காரர்கள் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். ஜராவாக்களைப் படமெடுப்பது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. படம் எடுப்பதே குற்றம் என்னும்போது நோட்டில் அச்சடிப்பது மட்டும் மரியாதையா? ஆசிரியருக்குத் தாம் மாணவியிடம் சொன்ன பதில் அன்றோடு கசந்துவிட்டது. நோட்டில் நேராகப் பார்க்கும் கராஜா குழந்தைகளை யாராவது கேட்டுக்கொண்டா படம் போட்டார்கள்? ரொண்டோன் அமைத்த துறையே பிற்காலத்தில் பூர்வகுடிகள்மேல் நடந்த கொடுமைகளுக்கு உடந்தையானது விசாரணையில் வெளிப்பட்டு, 1967ல் கலைக்கப்பட்டது. இருபத்து மூன்று வருடம் கழித்து அரசாங்கம் அவர்கள் முகத்தைப் பணத்தில் அச்சடித்தது. 1994ல் 'ரெயால்' வந்தபோது அந்த ஆயிரம் குருசேரோ நோட்டு 2750 இருந்தால் ஒரு ரெயால்.

கொலம்பியாவின் பத்தாயிரம் பெசோவிலும் இதே தகராறு. கொலம்பஸ் வந்த 500ஆம் ஆண்டை ஒட்டி 1992ல் வெளியானது. முகப்பில் எம்பெரா இனத்துப் பெண். வந்தவனின் விழாவுக்கு இருந்தவளின் படம்.

இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை என்று ஆசிரியர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் போர்ட் பிளேரில் இறந்தார். 'போ' மொழி பேசிய கடைசி மனிதர். பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று செய்தி வந்தது. அவர் முகம் ஒரு நோட்டில் இருந்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் கேட்டிருப்பார்களே, யார் இந்தப் பாட்டி என்று? அந்தப் பக்கத்தையும் அவரால் ஒதுக்கிவிட முடியவில்லை.

வீட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு என்றைக்குமே ஆதரவு கிடையாது. "செல்லாக் காசுக்கு நல்ல காசைக் கொடுக்கிறவரை நான் இவரைத்தான் பார்த்திருக்கேன்" என்பது மனைவியின் நிரந்தர வசனம். தாயார் வெளிப்படையாக ஒன்றும் சொன்னதில்லை. சாமி படத்துக்கு அடியில் வைத்த ஐம்பது லட்சத்தின் கதை தெரிந்ததிலிருந்து மகனின் ஆல்பத்தைத் தொட்டதும் இல்லை.

2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது, ஆசிரியர் முதலில் தாயாரிடம்தான் போனார். எங்காவது முடிந்து வைத்திருந்தால் கொடுங்கள், டிசம்பர் 30 வரை வங்கியில் போடலாம் என்றார். "எங்கிட்ட ஏதுப்பா" என்றார் தாயார். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். பல நாடுகள் பணத்தைச் செல்லாதாக்கிய கதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த மகன், அதோடு விட்டுவிட்டார்.

தாயார் 2018ல் காலமானார். காரியம் முடிந்து, சேலைகளை எடுத்துக் கொடுப்பதற்காக மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் பழைய பால்பவுடர் டின். உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி 500 ரூபாய் நோட்டுகள், 18. எல்லாவற்றிலும் பின்பக்கம் தண்டி யாத்திரை. ஒன்பதாயிரம் ரூபாய். ஓய்வூதியத்தில் மகன் மாதாமாதம் கையில் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. எதற்காக என்று யாருக்கும் தெரியாது. ஊர்க் கோயிலுக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக இருக்கலாம்.

ஏன் மறைத்தார்? மறந்துவிட்டாரா? மனைவி அழுகைக்கு நடுவே சொல்லிவிட்டார்: "உங்ககிட்ட கொடுத்தா பெரு நோட்டு வாங்கிடுவீங்கன்னு நினைச்சிருப்பாங்க." சொன்னவருக்கே அது அதிகம் என்று பட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. ஆசிரியர் பதில் பேசவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 2017ல் கொண்டுவந்த சட்டப்படி, செல்லாதாக்கப்பட்ட அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம். பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அல்லது முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் மட்டும் 25 வரை வைத்துக்கொள்ளலாம். டின்னில் இருந்தது 18. சாதாரண வீடாக இருந்தால் எட்டைக் கிழித்தோ எரித்தோ ஆகவேண்டும். அம்மாவின் பணம் முழுசாக அந்த வீட்டில் இருக்க முடிவது, மகன் ஒரு சேகரிப்பாளர் என்ற ஒரே காரணத்தால். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக மனைவி அந்தப் பொழுதுபோக்கால் ஒரு பயன் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவற்றை ஆசிரியர் ஆல்பத்தில் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய பாலியெஸ்டர் தாள் ஒன்றை எடுத்து மேசையில் போட்டு, டின்னைத் திறந்து, முதல் நோட்டைப் பிரித்தார். மஞ்சள் வாசனை வந்தது. நாலாக மடித்த மடிப்பு. மூலையில் விரல் ஈரம் பட்ட கறை. இதே கறைக்காகத்தான் யாரோ ஒரு பெருவியத் தாயின் நோட்டை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார். திரும்ப மடித்து டின்னிலேயே போட்டார். அந்த வருடம் முழுவதும் அவர் ஒரு நோட்டும் வாங்கவில்லை. அதன் பிறகும் வாங்குவது குறைந்துவிட்டது.

இப்போது அவர் நேரம் செலவிடுவது குறிப்புகளில். ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை. நாடு, ஆண்டு, எத்தனை பூஜ்யம் போயிற்று, படத்தில் யார், படத்தில் இருக்க வேண்டியவர் யார் என்று தமிழில் எழுதுகிறார். இருபது ரூபாய் நோட்டின் அட்டைதான் அதிகம் அடித்து எழுதப்பட்டது. முதலில் 'மவுண்ட் ஹாரியட்' என்று மையில் எழுதினார். 2021ல் அது மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. அடித்தார். 'போர்ட் பிளேரிலிருந்து தெரியும் காட்சி' என்று எழுதியிருந்தார். 2024 செப்டம்பரில் ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அதையும் அடித்தார். இப்போது பென்சிலில் எழுதியிருக்கிறார்.

படகு நார்த் பே சேர்ந்தது. உறவினர்கள் பவளப்பாறை பார்க்கக் கண்ணாடிப் படகுக்கு வரிசையில் நின்றார்கள். வெயில் தாங்காமல் ஆசிரியர் தென்னை நிழலில் உட்கார்ந்து, இளநீர் வாங்கி வரச் சொல்லிப் பேரனிடம் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி போடவில்லை. பையன் இளநீரோடு திரும்பி வந்து, "ஒரு நோட்டு பிளாஸ்டிக் கவரோட இருந்துச்சு தாத்தா, கவரைப் பிரிச்சுத்தான் கொடுத்தேன்" என்று காலி உறையை நீட்டினான்.

அவர் எழுந்து ஓடாத குறைதான். கடைக்காரப் பையன் தகர டப்பாவைத் திறந்து காட்டினான். மேலாகவே இருந்தது. ஈரக் கையால் வாங்கியதில் ஓரம் நனைந்து, நடுவே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்லோரா நோட்டு ஒன்றைக் கொடுத்தார். பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "பழசு செல்லுமே சார், இங்கே எல்லாரும் வாங்குவாங்க" என்றான். "தெரியும்பா" என்று சொல்லிவிட்டு, நோட்டை உறைக்குள் போடாமல், காய்வதற்காக உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி ஆசிரியர் நிழலுக்குத் திரும்பினார்.